கம்பளி அண்ணையும் கல்லுப் பெட்டியும்

டென்மார்க் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், செத்தவருக்குக் குளிருமே என்று வேலைக்கு லீவு போட்ட இன்னொரு மனிதர் அகப்படமாட்டார். ரண்டர்ஸ் நகரில் எங்கள் மேல்மாடியில் இருந்த அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கம்பளி அண்ணை.

பக்கத்துத் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில், கட்டில் உயரத்துக்கு ஒரு பழங்காலக் கல்லுப் பெட்டி. கனத்த மூடிக்கல், பாசி தின்ற எழுத்துகள். குளிர்காலம் வந்தால் டெனிஷ்காரர் கல்லறைகளைக் கிறிஸ்மஸ் மரக்கிளைகளால் மூடிவிடுவார்கள். இந்தப் பெட்டியை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. அண்ணை கொதித்தார்.

"மண்ணுக்குள்ளை கிடக்கிறவைக்கெல்லாம் போர்வை. வெளியிலை பெட்டிக்குள்ளை படுத்திருக்கிற மனுசனுக்கு ஒண்டுமில்லை. இதென்ன ஞாயம் தம்பி?"

மறுநாள் பெட்டிமேல் சிவப்புக் கம்பளி! பாதிரியாரம்மா மடித்து வைத்தார், அண்ணை விரித்தார். அவர் மடிக்க, இவர் விரிக்க, கடைசியில் பாதிரியாரம்மாவே கம்பளி பறக்காமல் நாலு மூலைக்கும் கல் வைத்தார். அன்றிலிருந்து குளிர்காலம் தவறாமல் கம்பளி ஏறியது.

போன வருடம் பெட்டியின் ஒரு பக்கம் வெடிப்பு விட்டது; திருத்தக் கல் வேலைக்காரரைப் பிடித்தார்கள். பனி விடாத ஒரு காலை, ஓல்போர்க்கில் படித்துக்கொண்டிருந்த எனக்கு அண்ணையின் அழைப்பு.

"மூடியைக் கழட்டப்போறாங்கள்! இந்தப் பனியிலை அந்த மனுசனுக்குக் குளிருமெல்லோ! நான் லீவு போட்டிட்டன். ஓடி வா!"

எங்கள் குடும்பத்தில் முதன்முதல் பல்கலைக்கழகம் மிதித்தவன் நான். அதனால் எந்த விசேஷத்துக்கும் அண்ணைக்குப் பக்கத்தில் 'படிச்ச ஆள்' வேண்டும். ஜாக்கெட்டையும் மறந்து காரை விரட்டினேன்.

கல் வேலைக்காரர் பட்டி போட்டு இழுத்ததும் மூடிக்கல் அசைந்தது, எழும்பியது! அண்ணை தலையை உள்ளே விட்டார். சருகு. ஒரு சிலந்தி. அவ்வளவுதான்.

"ஐயோ, ஆளைக் காணேல்லை! ஆரோ தூக்கிக்கொண்டு போட்டாங்கள்! பொலிசுக்குப் போன் அடி தம்பி!"

கல் வேலைக்காரர் சிரித்துச் சிரித்து டெனிஷில் சொன்னதை, பதற்றத்தில் இருந்த அண்ணைக்கு நான் தமிழில் சொன்னேன்.

"அண்ணை, இந்தப் பெட்டி எப்பவுமே வெறும்பெட்டிதானாம். ஆள் கீழை, மண்ணுக்குள்ளை."

அண்ணை பெட்டிக்குள் மறுபடி எட்டிப் பார்த்தார். இத்தனை வருடக் கம்பளியும் வீண் என்று உடைந்துவிடுவாரோ என எனக்குப் பயம்.

"அப்ப... இவ்வளவு காலமும் அவருக்குக் குளிரேல்லையோ?"

"இல்லை அண்ணை."

"மெய்யாவோ?"

"ஓம், மெய்யா!"

அண்ணை துள்ளினார்! கல் வேலைக்காரரைக் கட்டிப்பிடித்தார். பிளாஸ்கைத் திறந்து எல்லோருக்கும் கோப்பி ஊற்றினார். எனக்கு நீட்டும்போதுதான் குளிரில் என் பல் தந்தியடிப்பதைக் கண்டார். மூடியிலிருந்து எடுத்து வைத்திருந்த கம்பளியை உதறி, என் தோளைச் சுற்றி இறுக்கினார்.

"அவர் கீழை சுகமாக் கிடக்கிறார். மேலை நிண்டு விறைக்கிறது நீதான், விசரா."

அந்தக் கம்பளி இப்போது ஓல்போர்க்கில் என் கட்டிலில். பாசி மணக்கிறது. துவைக்க எனக்கு மனம் வரவில்லை.