மாப்பிள்ளை சாப்பிடவில்லை

மாப்பிள்ளை இன்றைக்கும் வாய் வைக்கவில்லை. நர்ஸம்மா இடுக்கியில் ஒரு குட்டி இறாலைப் பிடித்து மூக்கு நுனிவரை நீட்டிப் பார்த்தாள். ஆள் அசைந்தால்தானே? இறால் நழுவிக் கீழே விழுந்தது. அங்கே நேற்றைய இறால், முந்தாநாள் இறால், அவற்றின் மேல் முடிமுடியாகப் பச்சைப் பாசி.

ஆள் என்றால் ஆள் இல்லை, கடல்குதிரை. பல் ஆஸ்பத்திரிக்குப் பயந்து நடுங்கி வருகிறவர்களுக்கு மனசு லேசாகட்டும் என்று டாக்டரம்மா காத்திருக்கும் அறையில் வைத்த கண்ணாடித் தொட்டி. வண்ணமீன் கடைக்காரர் வந்து எல்லாம் பொருத்திவிட்டுப் போன நேரத்தில் டாக்டரம்மாவும் நர்ஸம்மாவும் உள்ளே ஒரு கடைவாய்ப் பல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்து பார்த்தால் சிவப்பாக, தொப்பையும் தொந்தியுமாக ஒன்று. அதன் இடுப்பில் வாலைச் சுற்றிக்கொண்டு மஞ்சளாக இன்னொன்று. மாப்பிள்ளை, பொண்ணு என்று நர்ஸம்மா அந்த நிமிஷமே பெயர் வைத்துவிட்டாள்.

இருபது வருஷமாக அந்த ஆஸ்பத்திரியில் அவள் கேட்டது அலறல் ஒன்றுதான். அதனால் கடல்குதிரையில் ஆண்தான் வயிற்றுப் பையில் சுமந்து பிள்ளை பெறும் என்று வாரப் பத்திரிகையில் படித்ததும் அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளையின் வயிற்றை ஒரு பார்வை பார்த்தாள், முடிவு கட்டிவிட்டாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். பல்வலியோடு வந்த பெண்கள் புருஷன்மாரைத் தொட்டியின் முன்னால் இழுத்துப்போய் நிறுத்தி, நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பாதிப் பேருக்கு வலியே மறந்துபோனது.

ஆனால் பிள்ளைத்தாய்ச்சி, இல்லை, பிள்ளைத்தகப்பன், சாப்பிட மாட்டேன் என்கிறாரே. மசக்கையாக்கும் என்று வேளைக்கு இருபது இறால் அதிகமாகப் போட்டாள். பொண்ணு முடிந்த மட்டும் தின்றாள். அவளுக்கும் வயிறு தள்ளிவிட்டது.

"கட்டினவன் பட்டினி கிடக்கான், இவ தின்னு தின்னு தொந்தி போடறா பாருங்க" என்று டாக்டரம்மாவிடம் கோள் மூட்டினாள் நர்ஸம்மா.

மிச்சத்தைத் தின்றது பாசி. பாசிதானே, பல்லில் படிகிற காறை மாதிரி, நமக்குத் தெரியாத வித்தையா என்று காறை சுரண்டும் கொக்கியை எடுத்து அரை மணி நேரம் சுரண்டினாள். சுரண்டிய துணுக்கு ஒவ்வொன்றும் தண்ணீரோடு சுற்றிப் புது இடத்தில் குடியேறியது. இரண்டே நாளில் தொட்டி முழுக்கப் புல்வெளி.

அடுத்து கல் மேல் பழுப்பு நிறத்தில் பூ மாதிரி ஒன்று முளைத்தது. அழகாக இருக்கிறதே என்று முதலில் ரசித்தாள். கடைக்காரரிடம் போனில் சொன்னபோது அது பூ இல்லை, கொட்டுகிற ஜந்து, குஞ்சு குளுவான் பட்டால் செத்துப்போகும் என்றார். அவள் போனை அப்படியே போட்டுவிட்டுப் பல் பிடுங்கும் குறடோடு ஓடினாள். வேரோடு பிடுங்கியாயிற்று என்று பெருமையாகத் திரும்பி வந்து போனை எடுத்தால், அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"என்ன செஞ்சாலும் பிச்சு மட்டும் எடுத்துடாதீங்கம்மா. ஒரு துண்டு தங்கினா அது ஒரு பூ."

வாரம் முடிவதற்குள் இருபத்திரண்டு பூ.

திங்கட்கிழமை டாக்டரம்மா தொட்டியைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டாள். வாய் நாற்றத்துக்கு வைத்தியம் செய்யும் இடத்தில் இப்படி ஒரு நாற்றமா? சனிக்கிழமை காலைக்குள் சுத்தமாகாவிட்டால் கடைக்காரர் எல்லாவற்றையும் திருப்பி எடுத்துப் போகட்டும், அந்த இடத்தில் டிவி வைக்கலாம் என்று சொல்லிவிட்டாள். நர்ஸம்மா தொட்டிக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டாள். இன்றோ நாளையோ என்று இருக்கும் மாப்பிள்ளையை எங்கே அனுப்புவது?

மறுபடி போன். பூவைத் தின்ன உயிரோடு நாலு பெரிய இறால், பாசியைத் தின்ன பத்து நத்தை என்று கடைக்காரர் கொடுத்தனுப்பினார். சாப்பாடு அதிகமாகப் போடுகிறீர்களா என்று கேட்டார். எண்ணித்தான் போடுகிறேன் என்றாள். பொய் இல்லை, எண்ணித்தான் போட்டாள்.

வந்த இறால்களுக்கு இலையில் போட்ட விருந்தாகக் கீழே அத்தனை கிடக்கும்போது கொட்டுகிற பூவைத் தின்னப் பைத்தியமா? மூக்குமுட்டத் தின்றுவிட்டு மாப்பிள்ளையின் தலைமேல் ஏறிப் படுத்துக்கொண்டன. அப்போதும் மாப்பிள்ளை அசையவில்லை. என்ன பொறுமை, என்ன பெருந்தன்மை என்று நர்ஸம்மா உருகிப்போனாள். நத்தைகள் ஒரு கல்லைக் கவிழ்த்தன. பாசி நத்தைகளின் முதுகிலும் முளைத்தது.

வெளிச்சம் இல்லாவிட்டால் பாசி சாகும் என்று படித்துவிட்டுப் புதன்கிழமை கறுப்புத் துணி போட்டு மூடினாள். வந்தவர்கள் யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்து மெதுவாகப் பேசினார்கள். ஒருவர் துக்கம் விசாரித்தே போனார். இருட்டில் மாப்பிள்ளை பசியோடு இருப்பாரே என்று டாக்டரம்மாவின் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு துணிக்குள் தலையை விட்டு வேளை தவறாமல் ஊட்டினாள்.

சனிக்கிழமை காலை கடைக்காரர் வலையும் வாளியுமாக வந்து நின்றார். நர்ஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு துணியை விலக்கினாள்.

தண்ணீரில் அரிசி அளவில் ஏதோ துள்ளியது. ஒன்று, பத்து, நூறு. குட்டி வால், குட்டி மூக்கு. "டாக்டரம்மா, வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று அவள் போட்ட கூச்சலில் டாக்டரம்மா கையுறையோடு ஓடிவந்தாள். பின்னாலேயே பாதி அடைத்த பல்லோடு நோயாளியும் வந்தார். கொட்டுகிற பூக்களிடம் சிக்குவதற்குள் வாய் கொப்பளிக்கும் காகிதக் கோப்பையில் ஆளுக்கு ஒரு பக்கம் குஞ்சுகளை அள்ளினார்கள். அந்த அறையில் அப்படி ஒரு சந்தோஷத்தை நாற்காலிகள்கூடப் பார்த்ததில்லை. டிவியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், தொட்டி இங்கேயே இருக்கட்டும் என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் நர்ஸம்மா கவனித்தாள். குஞ்சுகள் பீறிட்டு வருவது பொண்ணின் வயிற்றிலிருந்து.

"ஆம்பளைதான் பெறும்னு நீதானே ஊரெல்லாம் சொன்னே?" என்றாள் டாக்டரம்மா.

நர்ஸம்மா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். "அப்போ தொந்தி போட்ட மஞ்சள்தான் மாப்பிள்ளையா? இத்தனை நாளா நான் ஊட்டி விட்டது பொண்ணுக்கா?"

கடைக்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். சிவப்பைப் பார்த்தார். அதன் காலடியில் குவிந்திருந்த இறாலைப் பார்த்தார். பிறகு நர்ஸம்மாவைப் பார்த்தார்.

"அம்மா, நான் குடுத்தது ஒரே ஒரு குதிரை, அதுவும் ஆண், வயித்துல முட்டையைச் சுமந்துகிட்டே வந்திருக்கு போல. இந்தச் சிவப்பு, அது வாலைச் சுத்திப் பிடிச்சுக்கிறதுக்கு நான் ஒட்டி வச்ச ரப்பர் பொம்மை."