மாப்பிள்ளைக்கு வைத்த பொறி

"போச்சு! இன்னிக்கும் ஃபைல் ஒழுங்கா திறக்குது!" என்று கம்ப்யூட்டர் முன்னால் அலறினார் மாமனார்.

ஊரில் எல்லோரும் ஃபைல் திறக்கவில்லை என்றுதான் அலறுவார்கள். இவர் கவலை வேறு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு துப்பறியும் நாவல் எழுதியிருந்தார். நாளை மாலைக்குள் ஒரு பத்திரிகைப் போட்டிக்கு அனுப்ப வேண்டும். அதுவரை கொலைகாரன் யார் என்பது ஈ, காக்கைக்குக்கூடத் தெரியக் கூடாது. ஆனால் வீட்டில் மாப்பிள்ளை வந்து தங்கியிருந்தார். அவருக்கும் எழுத்துப் பித்து உண்டு.

அதனால்தான், நாவல் ஃபைலை அழுத்தினால் பாட்டு பிளேயர் திறக்கும்படி மாற்றி வைத்திருந்தார். யாரோ அதைச் சரிசெய்திருந்தார்கள்.

"மாப்பிள்ளை வேலைதான்," என்றார் மனைவியிடம்.

"சும்மா இருங்க. அவர் அந்த ரூம் பக்கமே போகல."

"நாம பார்க்கும்போதா போவாரு?"

மனைவி வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள்.

இந்த முறை படம் வரையும் புரோகிராமுக்கு மாற்றினார். தடயத்துக்காக, தலையில் மிச்சமிருந்த சொற்ப முடியில் ஒன்றை மனசே இல்லாமல் பிடுங்கிக் கீபோர்டின் மேல் வைத்தார். மறுநாள் காலையில் ஃபைல் சமர்த்தாகத் திறந்தது. முடியைக் காணோம்.

"முடி எங்கே?"

"அதைத்தான் நானும் பல வருஷமா கேட்கறேன்," என்றாள் மனைவி.

மாமனாருக்கு ரத்தம் கொதித்தது. ஒன்றுவிடாமல் எல்லா வகை ஃபைலையும் பாட்டு பிளேயரோடு கோத்துவிட்டார். திரையில் இருந்த ஐகான்களைக்கூட விடவில்லை. இனி எவனும் எதையும் படிக்க முடியாது என்று நிம்மதியாக மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கினார்.

மாலையில் நாவலை அனுப்ப உட்கார்ந்தார். எதை அழுத்தினாலும் பாட்டு பிளேயர்தான் வந்தது. இன்டர்நெட்டை அழுத்தினார். பாட்டு பிளேயர். மாற்றியதைத் திருப்பி மாற்றலாம் என்று செட்டிங்ஸ் ஐகானை அழுத்தினார். அதற்கும் பாட்டு பிளேயரே வந்து, 'இந்தப் பாட்டை இயக்க இயலவில்லை' என்றது.

அறை வாசலுக்கு ஓடிவந்து கத்தினார்.

"மாப்பிள்ளை! தினமும் சரிபண்ணீங்களே, இன்னிக்கும் பண்ணுங்க! படிச்சதையெல்லாம் மன்னிச்சுடறேன்!"

"எதைப் படிச்சேன் மாமா?"

"நடிக்காதீங்க! என் கதையோட முடிவைத் திருடத்தானே இங்கே வந்து தங்கியிருக்கீங்க?"

மாப்பிள்ளையின் முகம் சுண்டிப்போனது. இருந்தாலும் உட்கார்ந்து எதையெதையோ தட்டிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"எனக்குக் கவிதைதான் வரும் மாமா. கம்ப்யூட்டர் வராது. நான் பெட்டியைக் கட்டறேன்."

கடிகாரத்தைப் பார்த்தார் மாமனார். கெடு முடியப்போகிறது. ராப்பகலாக உட்கார்ந்து எழுதியது அத்தனையும் வீண். நாற்காலியில் சரிந்து, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினார்.

சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள் மனைவி.

"மாப்பிள்ளையை விடுங்க, தினமும் அதைச் சரிபண்ணிப் படிச்சது நான்தான், கொலைகாரன் வக்கீல்னு மூணாவது அத்தியாயத்துலயே தெரிஞ்சுபோச்சு, அதனால முடிவை மாத்தி எழுதி நேத்தே போட்டிக்கு அனுப்பிட்டேன்."