அண்ணாச்சி பொத்திவைத்த ஓட்டை

வங்கக் கடலில் இருக்கும் அத்தனை தீவுகளையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், போர்ட் பிளேர் டாலிகஞ்ச் மளிகைக்கடை ‘ஆகா’ அண்ணாச்சியைப் போல ஒரு சதுரங்க ரசிகர் அகப்பட மாட்டார். ரசிகர் என்றுதான் சொல்கிறேன், ஆட்டக்காரர் என்று சொல்லவில்லை. வாழ்நாளில் ஒரே ஒரு முறை தபால்காரரோடு உட்கார்ந்து ஆடினார். ஒன்பதாவது நகர்த்தலில் தோற்றார். தோற்ற மனிதர் துள்ளி எழுந்து, “ஆகா! என்னா அடி வே!” என்று தபால்காரரைக் கட்டிப்பிடித்து, கால் கிலோ முந்திரியும் கட்டிக்கொடுத்து அனுப்பினார்.

அதற்குப் பிறகு அவர் காய் நகர்த்தியது ரசிப்பதற்கு மட்டும்தான். “சமைக்கிறவன் வேற, ருசிக்கிறவன் வேற. நான் எலைக்கு முன்னால உக்காருத கட்சி” என்பார்.

அவர் ருசித்ததெல்லாம் ஒரே ஒரு மாஸ்டரின் ஆட்டங்களை. பெயர் வேண்டாம், சென்னைக்காரர், இன்றும் ஆடிக்கொண்டிருப்பவர். தற்காப்பு என்ற சொல்லையே கேள்விப்படாதவர். கையில் இருப்பதையெல்லாம் வாரிக் கொடுத்துவிட்டு எதிராளியின் ராஜாவை விரட்டுகிறவர். அண்ணாச்சியின் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் பலகை எப்போதும் விரிந்தே கிடக்கும். ஆட்டம் சூடு பிடித்திருக்கும் நேரத்தில் சாமான் வாங்க வந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

“தாதா, தோ கிலோ ஆலு” என்று வந்து நிற்பார் பக்கத்துத் தெரு வங்காளி அம்மா.

“ருக்கோ தீதி! கோடா மர்னே வாலா ஹை!”

குதிரை சாகப்போகிறது என்று கேட்டதும் அந்த அம்மா பதறிப்போய்த் தெருவை எட்டிப் பார்ப்பார். குதிரை செத்த பிறகுதான் அவருக்கு உருளைக்கிழங்கு கிடைக்கும்.

இவர் எனக்கு அறிமுகமானதே ஒரு கூத்து. அப்போது நாங்கள் டெலானிபூர் மேட்டில் அரசு குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டோவில் வந்து இறங்கி, மூச்சிரைக்க மேடேறி வந்து கதவைத் தட்டினார்.

“தங்கச்சி, நம்ம கடையில காலைல சீரகம் வாங்கினிய இல்லா? சீரகம் உங்களுது. பேப்பரு என்னுது.”

என் மனைவி திகைத்து நிற்க, பொட்டலத்தைப் பிரித்துச் சீரகத்தை அவள் உள்ளங்கையில் கொட்டினார். காகிதத்தைத் தொடையில் வைத்து நீவி நீவி மடிப்பெடுத்தார். பார்த்தால், அதில் சதுரங்கப் பத்தி. பொட்டலம் மடிக்கப் பழைய தமிழ்ப் பேப்பர்கள் மெயின்லேண்டிலிருந்து கட்டுக் கட்டாகக் கப்பலில் வரும். அண்ணாச்சியின் சதுரங்கப் படிப்பு முழுவதும் அந்தக் கட்டுகளில் வந்து இறங்கியதுதான்.

அப்படி வந்த ஆட்டங்களில் ஒன்றை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். அந்த ஆட்டத்தில் மாஸ்டர் தன் ராணியையே எதிராளிக்குத் தூக்கிக் கொடுக்கிறார். ராணியை வெட்டினால் யானை கடைசி வரிசையில் இறங்கும், ராஜா தன் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே நெரிபட்டுச் சாகும். எதிராளி ராணியை ஒரு நிமிஷம் பார்த்தார், தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்துவிட்டார். அந்த ராணியைத் தூக்கி வைத்ததும் அண்ணாச்சி தொடையில் தட்டுவார்.

“பாத்தீரா? வீட்டையே வித்துட்டு வேட்டைக்குப் போறான் வே மனுசன்! ஆகா!”

ஆனால் அந்த இடத்தோடு நிறுத்திவிடுவார். “எதிராளி ராணியை வெட்டியிருந்தால்? ஆடிக் காட்டுங்களேன்” என்று கேட்டால், வராத ஆளுக்கு அரிசி நிறுக்கப் போய்விடுவார். எனக்கு அது வெகுநாள் புரியவில்லை.

ஒரு மழை நாள் மத்தியானம் கடையில் ஈ, காக்கை இல்லை. அண்ணாச்சி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என் காதருகே வந்தார்.

“உம்மகிட்ட மட்டும் சொல்லுதேன். இந்த ஆட்டத்துல ஓட்டை இருக்கு வே.”

பலகையில் காட்டினார். ராணியைக் கொடுப்பதற்கு முந்தின நகர்த்தலில் எதிராளி, தன் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியிருந்தார். “யானை எறங்குனா ராஜா இந்தச் சந்து வழியா நைசா நழுவிரும். ராணியும் போச்சு, ஆட்டமும் போச்சு. எதிராளி கூறுகெட்டவன், பயந்து எந்திரிச்சிட்டான். எனக்குப் பதினாலு வருசமாத் தெரியும்.”

“போன்ல தேடிப் பாத்துடலாமே அண்ணாச்சி, ரெண்டு நிமிஷம்” என்று நான் போனை எடுத்தேன். வெடுக்கென்று பிடுங்கிப் பொரி மூட்டைக்குள் புதைத்துவிட்டார்.

“வேண்டாம் வே! கம்ப்யூட்டரும் ஓட்டைதான்னு சொல்லிட்டுன்னா? இது பொய்யாப் போச்சுன்னா நான் இத்தன வருசம் என்னத்த ரசிச்சேன்?”

கிண்டல் செய்ய வாயெடுத்தவன், அவர் கண்ணைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன். பொரி மூட்டையிலிருந்து போனை எடுத்துத் துடைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

போன வருஷம், ஒரு பள்ளிக்கூடத்துப் போட்டியைத் தொடங்கிவைக்க அந்த மாஸ்டரே போர்ட் பிளேருக்கு வந்துவிட்டார். புயல் எச்சரிக்கைக்கே கடை மூடாத அண்ணாச்சி கடையை மூடினார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனேன். மண்டபத்தில் உட்கார்ந்த பிறகும் மூன்று முறை, “வாரும், போயிருவோம்” என்றார். எனக்கு வாய் சும்மா இருக்காது. கூட்டம் கலைந்ததும் மாஸ்டரிடம் போய், “சார், இவர் உங்க பரம ரசிகர். ஒரு ஆட்டத்துல சந்தேகம் கேக்கணுமாம்” என்று போட்டு உடைத்துவிட்டேன்.

அண்ணாச்சி என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். வேறு வழியில்லாமல் பிளாஸ்டிக் உறையை நீட்டி, தரையைப் பார்த்துக்கொண்டே அந்தச் சிப்பாயைப் பற்றிச் சொன்னார். தூக்குத் தண்டனையை எதிர்பார்த்து நிற்கிறவர் போலத் தெரிந்தார்.

மாஸ்டர் காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். “இந்த ஒரு நகர்த்தல் மட்டும் பேனாவால எழுதியிருக்கே. யார் எழுதினது?”

“நாந்தான் சார். கப்பல்ல தண்ணி பட்டு அந்த எடம் மட்டும் அழிஞ்சி கெடந்துது. ராஜாவப் பாக்கப் பாவமா இருந்துது. கொஞ்சம் மூச்சு விடட்டும்னு நாந்தான் ஒரு சன்னலத் தொறந்து…”

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று குனிந்து தன் பேனா எழுத்தையே உற்றுப் பார்த்தார்.

மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். “அந்தச் சிப்பாய் நகரவே இல்லைங்க. அவர் அங்க குதிரையைத்தான் நகர்த்தினார். சிப்பாய் நகர்ந்திருந்தா நான் ராணியைக் கொடுத்திருப்பேனா?”

“அப்போ ஓட்டை இல்லியா?”

“இல்லைங்க.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அண்ணாச்சி அப்படியே மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சைத் தடவிக்கொண்டார். பிறகு மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி ஒரு “ஆகா!” வந்தது. பதினாலு வருஷப் பாரம் அதோடு இறங்கியது எனக்கே தெரிந்தது. எனக்கும் அப்பாடா என்று இருந்தது.

“இத்தனை வருஷமா யாரையாவது கேட்டிருக்கலாமே?” என்றார் மாஸ்டர்.

“கேட்டா நாலு பேருக்குத் தெரிஞ்சிருமே சார். ஒங்க பேரு என்னாவுறது?”

மாஸ்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. அண்ணாச்சியின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது, ராணியைக் கொடுத்த கதையை ஆட்டோக்காரருக்கு ஹிந்தியில் விளக்கிக்கொண்டே வந்தார் அண்ணாச்சி. இந்த முறை யானையைக் கடைசி வரிசை வரைக்கும் இறக்கினார். நான் பின்னால் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். நானும் பத்திரிகைகளில் கதை எழுதுகிறவன்தான்; என் எழுத்தில் பிழை கண்டுபிடித்துக் கடிதம் போடுகிறவர்களுக்குக் குறைவில்லை. கண்டுபிடித்த பிழையை, என் பேர் கெடக் கூடாதே என்று நெஞ்சுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு ஒருத்தராவது தவித்திருப்பாரா? உண்மையைச் சொல்கிறேன், அந்த மாஸ்டர் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.