இரண்டாவது பிரேக்

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பத்தொன்பது வருஷத்தில் இரண்டாயிரம் பேரைச் சாலையில் இறக்கி விட்டிருக்கிறேன். அந்த இரண்டாயிரத்தில் என் மனைவி மட்டும் கிடையாது. காரணம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் டிவி ரிமோட் அவள் கையில். பீரோ சாவி அவள் இடுப்பில். இன்றைக்கு நான் எந்தச் சட்டை போட வேண்டும் என்பது அவள் வாயில். என் வசம் மிச்சம் இருப்பது ஒரு ஸ்டீயரிங். அதையும் கொடுத்துவிட்டு நான் எதைப் பிடித்துக்கொண்டு உட்காருவது?

போன வியாழக்கிழமை அதற்கும் ஆபத்து வந்தது.

"ஏங்க, சனிக்கிழமை உங்க காலேஜ் ஃப்ரெண்டு வீட்டுக்குப் போறோம்ல?"

"ஆமா. ரூம்ல ஒண்ணா இருந்த மூணு பேரும் இருபத்திரண்டு வருஷம் கழிச்சுச் சந்திக்கிறோம்."

"பாதி தூரம் நான் ஓட்டறேன்."

"எதை?"

"காரைத்தான். உங்களை ஓட்டி ஓட்டி அலுத்துப் போச்சு."

சொல்லிவிட்டு மேஜை மேல் ஒரு காகிதத்தை வைத்தாள். பழகுநர் உரிமம். போட்டோவில் வெற்றிப் புன்னகை வேறு.

"பக்கத்து மாநிலம்மா அது. இருநூத்தி நாப்பது கிலோமீட்டர். லாரி எல்லாம் வரும்."

"அப்ப யாரும் போக வேண்டாம். வீட்டுல ஒட்டடை நிறைய இருக்கு."

நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். என் மூளையும் சில சமயம் வேலை செய்யும். "சரிம்மா, ஓட்டு" என்றேன். அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது.

விஷயம் இதுதான். எங்களுக்கென்று தனிக் கார் கிடையாது. எங்கே போனாலும் பயிற்சிக் கார்தான். அதில் ஓட்டுபவர் காலடியில் இருப்பதுபோலவே, கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. இரண்டு பக்கத்தையும் ஒரு கம்பி இணைக்கும். மாணவர் மரத்தைக் குறிபார்த்துப் போனால் நான் மிதித்து நிறுத்துவேன். அவள் வண்டியை நகர்த்தப் பார்க்கும்போது நான் இந்தப் பக்கம் லேசாக பிரேக்கை மிதித்தால் என்ன ஆகும்? வண்டி குலுங்கும். நின்றுபோகும். நாலு தடவை நின்றால் ஆசையும் நின்றுபோகும். சண்டை இல்லை, சத்தம் இல்லை.

சனிக்கிழமை காலை, ஊருக்கு வெளியே ஆளில்லாத ரோட்டில் இடம் மாறி உட்கார்ந்தோம்.

"ஏங்க, ஆஃப் ஆயிடுச்சு."

"கிளட்சைப் பட்டுனு விட்டுட்டே."

"மெதுவாத்தானே விட்டேன்?"

"உனக்கு அது மெதுவு. வண்டிக்கு அது பட்டு."

மறுபடி சாவியைத் திருகினாள். மறுபடி என் கால் கட்டைவிரல் பிரேக்கில் தன் கடமையைச் செய்தது. மூன்றாவது தடவை பின்னால் வந்த பால் வண்டிக்காரர் இறங்கி வந்து அவளுக்கு அறிவுரை சொல்லிவிட்டுப் போனார். ஐந்தாவது தடவை அவள் தன் கால்களையே கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தாள்.

"எனக்கு இது வராது போலருக்கு. நீங்களே ஓட்டுங்க."

"எல்லாருக்கும் எல்லாம் வந்துடுமாம்மா? மனசுல வெச்சுக்காதே."

இதைச் சொல்லும்போது என் குரல் தழுதழுத்தது. சிரிப்பை அடக்கினால் எனக்கு அப்படித்தான் வரும். எல்லை தாண்டும்வரை அவள் நிம்மதியாகத் தூங்கினாள். நான் விசிலடித்துக்கொண்டே ஓட்டினேன்.

நண்பன் பெரிய ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். கல்லூரியிலேயே சட்டைப்பையில் பேனா இருக்காது, ஸ்பானர் இருக்கும். அதனால் பெயரும் ஸ்பானர்தான். இன்னொருவன் வக்கீல். நாங்கள் போய்ச் சேர்ந்த அதே நேரத்தில் வக்கீலின் காரும் வந்தது. ஓட்டி வந்தது அவன் மனைவி. பின் சீட்டிலிருந்து இரண்டு பைகளையும் ஒரு தலையணையையும் கட்டிக்கொண்டு வக்கீல் இறங்கினான். நான் சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டு இறங்கினேன்.

"நீயாடா ஓட்டிட்டு வந்தே? முழுக்கவா?" வக்கீலின் கண்ணில் பொறாமை பளிச்சென்று தெரிந்தது.

"நம்ம வீட்டுல எப்பவும் நான்தான்டா."

"என்னை என் சொந்த ஒர்க்‌ஷாப்புக்கே என் பொண்டாட்டிதான்டா கொண்டு போய் விடறா" என்றான் ஸ்பானர். "என்ன மந்திரம் போட்டே?"

சொன்னேன். கட்டைவிரல் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். வக்கீல் எழுந்து நின்று கைதட்டினான். ஸ்பானர் என் காலைத் தொட வந்தான். அந்தக் கட்டைவிரலையாவது பார்க்கிறேன் என்றான். கல்லூரியில் மூன்று வருஷமும் என்னை யாரும் இப்படி மதித்தது கிடையாது. அன்று முழுக்க அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் வண்டி ஒரு தடவை கூடுதலாக நின்றது. கடைசியில் பதினொன்றில் கொண்டு வந்து முடித்தேன்.

பெண்கள் எங்களைத் தொந்தரவே செய்யவில்லை. "கடைக்குப் போறோம், சாவி குடுங்க" என்று நாலு தடவை கிளம்பினார்கள். ஸ்பானரின் மனைவி நன்றாக ஓட்டுவாள் என்பதால் நானே தாராளமாகச் சாவியைக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்பானர், "தூரம் போற வண்டி, ஒரு பார்வை பார்த்துத் தரேன்" என்று ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போய் முக்கால் மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினான். இருபத்திரண்டு வருஷம் கழித்தும் இப்படி ஒரு நட்பா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மதியம் கிளம்பும்போது எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். வக்கீல் காதைக் கடித்தான்: "ஒரு தடவை நேர்ல காட்டேன்டா." இவ்வளவு பேர் ஆசைப்படும்போது மறுக்க முடியுமா?

"ஏம்மா, இன்னொரு தடவை முயற்சி பண்ணிப் பாரேன்."

"வேண்டாங்க. எல்லார் முன்னாடியும் மானம் போயிடும்."

"நம்ம ஆளுங்கதானே. போனாப் போகுது."

உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, வக்கீலைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவள் கிளட்சை விட்டாள். நான் பிரேக்கை மிதித்தேன். வண்டி நகர்ந்தது. இன்னும் மிதித்தேன். தெருமுனை வந்தது. இரண்டு காலாலும் மிதித்தேன். அவள் கைகாட்டி விளக்கைப் போட்டு, அழகாகத் திரும்பி, மூன்றாவது கியருக்குப் போனாள். கண்ணாடியில் பார்த்தேன். ஸ்பானரும் வக்கீலும் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்குங்க அப்படி உதைக்கறீங்க? கால் மிதியடி கிழிஞ்சிடும்."

"பிரேக்கு... பிடிக்கலை."

"என்னோடது பிடிக்குதே." பிடித்துக் காட்டினாள். என் நெற்றி கண்ணாடிக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் தடவையே. நீங்க அங்க மிதிச்சா என் பக்கத்து பெடல் தானா கீழே போகுது. எனக்குக் கால் என்ன மரத்தா போச்சு?"

பத்தொன்பது வருஷமாக நான் ஒரே பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே மிதித்தால் அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா, அண்ணி சொல்லி ஸ்பானர் அண்ணா உங்க பிரேக் கம்பியைக் கழட்ட விட்டிருப்பீங்களா? நாலு தடவை கடைக்குப் போனோமே, ஒரு பையாவது கொண்டு வந்தோமா? பக்கத்துல அண்ணி உட்கார்ந்துக்கிட்டாங்க. நான்தான் ஓட்டினேன்."

மறைப்பானேன், நன்றாகவே ஓட்டினாள். என் இரண்டாயிரம் பேரில் பாதிப் பேருக்கு இந்தக் கை வரவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"சரி, அந்தக் கம்பியைக் குடு."

"அது அண்ணா ஒர்க்‌ஷாப்புல பத்திரமா இருக்கு" என்றாள், முன்னால் போன லாரியை நிதானமாக முந்திக்கொண்டே. "அடுத்த சனிக்கிழமை நானே உங்களைக் கூட்டிட்டுப் போய் வாங்கித் தரேன். இப்பக் கொஞ்ச நேரம் தூங்குங்க."