வீடு தேடி வந்த ஜீப்

"ஸ்டேஷன் வரைக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்கம்மா. பத்து நிமிஷ வேலைதான்," என்றார் போனில் ஏட்டு இசக்கியப்பன்.

செண்பகவல்லி போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள். தெருவுக்கே தண்ணீர் தந்த மோட்டார் பட்டப்பகலில் திருடு போய் நான்கு நாளாகிறது. மோட்டார் அறை அவள் வாசலுக்கு நேர் எதிரே இருந்ததால் அவள் சாட்சி. ஆனால் இட்லி மாவு விற்றுப் பிழைக்கிறவள் ஸ்டேஷன் படி ஏறினால் கோவில்பட்டி என்ன பேசும்?

அப்போதுதான் மகளிர் குழுக் கூட்டத்தில் வக்கீலம்மா சொன்னது நினைவுக்கு வந்தது.

"சார், சாட்சி சொல்லப் பொம்பளையாள ஸ்டேஷனுக்கு வான்னு கட்டாயப்படுத்த முடியாதாமே. நீங்கதான் வீட்டுக்கு வரணுமாம்."

"வாரோம்," என்றார் ஏட்டு.

அரை மணியில் வாசலில் ஜீப். செண்பகவல்லி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். அவளுடைய ஒரு சொல்லுக்கு ரேஷன் கடைத் தராசு கூட அசைந்ததில்லை. இன்று அரசாங்க ஜீப்பே அசைந்து வந்து நிற்கிறது.

தெருவும் வந்து நின்றது. பக்கத்து வீட்டு வேலாயுதம் அண்ணாச்சி எல்லோருக்கும் முன்னால் நின்றார்.

"சார், இப்படி ஊரே பாக்க எப்படிப் பேச? ஜீப்பு, காக்கிச் சட்டை இல்லாம வாங்களேன்," என்றாள்.

மறுநாள் கட்டம் போட்ட சட்டையில் ஏட்டும் இன்னொரு போலீஸ்காரரும் நடந்து வந்தார்கள். ஒட்ட வெட்டிய முடியும் பழுப்பு பூட்ஸும் காட்டிக்கொடுத்தன. 'ரகசிய போலீஸ்' என்று தெரு முழுக்கப் பரவியது. மாவு வாங்க ஒருவரும் வரவில்லை.

"தனியாப் பேசக் கூச்சமா இருக்கு சார். பொம்பளை போலீஸ் இருந்தா தேவலை."

ஏட்டு மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் அண்ணாச்சி வேலியோரம் வந்தார். "ஏம்மா செண்பகம், அப்படி என்னதான் சொல்லுத அவங்ககிட்ட?"

"அதெல்லாம் வெளிய சொல்றதுக்கில்ல அண்ணாச்சி," என்றாள், சட்டமே தன் வீட்டில் குடியிருக்கிற தோரணையில். அண்ணாச்சி முகம் துடைத்தபடி போய்விட்டார்.

மூன்றாம் நாள் மறுபடி ஜீப். ஏட்டோடு ரெஜினா என்ற பெண் காவலரும் வந்தார். கதவைச் சாத்தி உட்கார்ந்தார்கள்.

"சொல்லுங்கக்கா, என்ன பாத்தீங்க?"

"ஒண்ணும் பாக்கல. மாவாட்டுன அசதில தூங்கிட்டேன்."

ரெஜினாவின் பேனா நின்றது. "இத முத நாளே போன்ல சொல்லியிருக்கலாமே."

"நீங்க வான்னுதான கூப்பிட்டீங்க. பாத்தியான்னு யாரு கேட்டா?"

ஏட்டு கண்ணை மூடித் திறந்தார். "சரி, எழுதியாச்சு. கையெழுத்துப் போடுங்க."

"சாட்சி போலீஸ்ல சொன்னதுக்குக் கையெழுத்துப் போட வேண்டாம்னு வக்கீலம்மா சொன்னாங்களே."

ரெஜினா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் சார் சொல்லுதாங்க," என்றார் மெல்ல.

ஜீப் போனது. செண்பகவல்லி விற்காத மாவை எட்டிப் பார்த்தாள். பொங்கி வழிந்து புளித்திருந்தது. சட்டம் பெரிதுதான்; மலை மாதிரி நிற்கிறது. ஆனால் அதைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்தியதில் பிழைப்பல்லவா போயிற்று. ஏட்டிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று போனை எடுக்கும்போதே அது அடித்தது.

"அம்மா," என்றார் ஏட்டு. இதுவரை அவர் குரலில் இல்லாத பணிவு. "உங்க பக்கத்து வீட்டு வேலாயுதம், மோட்டார ஆட்டோல ஏத்திக்கிட்டு இப்பதான் ஸ்டேஷனுக்கு வந்தாரு. 'அந்தப் பொம்பளை எல்லாத்தையும் சொல்லிட்டா, மூணு நாளா சுத்தி வளைச்சுட்டீங்க'ன்னு அழுதுக்கிட்டு இருக்காரு. நீங்க தூங்குன விஷயத்த மட்டும் தெருவுல யாருகிட்டயும் சொல்லிராதீங்க தாயி."