மரத்துப்போன மந்திரம்

சந்து முழுக்க நாய்கள். நாய்களைவிட மனிதர்கள் அதிகம். யாரை யார் இழுத்து வந்தார்கள் என்பது நாய்களுக்கே வெளிச்சம்! எல்லாரும் வந்தது அரிப்படக்கியாரைப் பார்க்க. குப்பியிலிருந்து தைலம் எடுத்துத் தடவி, "அரி அரி அடங்கு, சொறி சொறி ஒடுங்கு" என்று காதில் ஓதுவார். நாய் சொறிவதை நிறுத்திவிடும். குடும்பம் மறைத்த பாவம்தான் நாய்க்கு அரிப்பாக வருகிறதாம். என்ன ஆராய்ச்சி!

வரிசையில் விறைப்பாக நின்றார் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. கூடவே அவர் வளர்க்கும் கருப்பன். அதன் வயிற்றில் தோல் புற்றுநோய். கால்நடை மருத்துவர் அரிப்புக்கு மாத்திரை கொடுத்து, புண்ணை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டி, கட்டியை அறுத்தெடுக்க நாளும் குறித்திருந்தார். மாத்திரையும் கூம்பும் மந்திரத்தை மறிக்கும் என்று முதல் தடவை வந்தபோதே சொல்லிவிட்டார் அரிப்படக்கியார். இரண்டும் நின்றன. அறுவைக்குக் குறித்த நாளும் போயிற்று.

அதிகாரிக்கோ வேறு கவலை. தன் வம்சத்தில் பாவமா? வீட்டில் எல்லாரையும் முறைத்துப் பார்த்தார். அண்ணன் மகனைக் கொஞ்சம் கூடுதலாக.

"வீட்டுக்குப் போனதும் மறுபடி பிறாண்டுது. கட்டியும் பெருசாயிடுச்சு. நீங்க பாவத்தைத் தேடிக்கிட்டு இருக்கீங்க!" என்றாள் வரிசையில் கூட நின்ற மனைவி.

"மெதுவா பேசு. மானம் போகுது."

"போனா போகட்டும். கருப்பன் போயிடக் கூடாது."

அவள் விறுவிறுவென்று முன்னால் போனாள். "ஐயா, நேத்து இந்தத் தைலம் என் விரல்ல பட்டுச்சு. ஊசி குத்தினாக்கூடத் தெரியலை. அரிப்பை அடக்குறது தைலமா, மந்திரமா?"

"தைலம் வெறும் தண்ணிம்மா. எல்லாம் மந்திரம்தான்!"

"அப்ப நாக்குல கொஞ்சம் தடவிக்கிட்டு அந்த மந்திரத்தைச் சொல்லுங்க."

"சொல்லுங்க சாமி!" என்று கூட்டம் பக்தியோடு கத்தியது. பக்தியும் சில நேரம் உதவும்.

வேறு வழியில்லை. தடவினார். சற்றுப் பொறுத்து வாயைத் திறந்தார்.

"அயி அயி அயங்கு... தொயி தொயி..."

எச்சில் தாடியில் வழிந்தது. நாய்கள் தலையைச் சாய்த்துப் பார்த்தன.

குப்பி விற்கும் அவருடைய மைத்துனர் பதறினார். "இது தேவபாஷைங்க!"

"மரத்துப்போற மருந்துய்யா!" என்று பின்னாலிருந்து ஒருவர் போட்டு உடைத்தார். அதற்குள் அரிப்படக்கியார் பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டிவிட்டார்.

அதிகாரி, மனைவியின் பையிலிருந்த கூம்பை எடுத்துக் கருப்பனுக்கு மாட்டினார். முதுகு வளையவில்லை, குரல்தான் தழைந்தது. "வா, டாக்டரைப் பார்ப்போம்."

"அப்ப உங்க வீட்டுப் பாவம்?" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"இருந்துச்சுங்க. இந்த வரிசையில வந்து நின்னேனே, அதுதான்."

மரத்த நாக்கு தானே தெளிந்துவிடும். மரத்த மூளை தெளியக் குப்பியில் மருந்து கிடையாது. யோசித்தால்தான் உண்டு.