கிலுகிலுச் சத்தமும் ஒரு கெட்டிக் காகிதமும்

பழைய வண்டி வைத்திருப்பவர்களில் ஒரு தனி இனம் உண்டு. மேட்டில் எஞ்சின் மூச்சு வாங்கும், சைலன்சர் கரும்புகை கக்கும். அதெல்லாம் இவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. கேபினுக்குள் எங்கோ ஒரு மூலையில் ‘கிலுகிலு’ என்று கேட்டால் மட்டும் சோறு இறங்காது. எங்கே பார்க்கலாம் என்கிறீர்களா? ஆண்டிமடம் வந்து சிங்காரவேலு வீடு எது என்று கேளுங்கள். நான்தான் கதவைத் திறப்பேன்.

என் மினி லாரிக்கு வயது பதினெட்டு. முந்திரி மூட்டையோடு, சுண்ணாம்புக்கல் லாரிகள் உழுதுபோட்ட ரோட்டில் ஓடி ஓடி, கதவின் உள் அட்டை உப்பி, கண்ணாடி ரப்பர் காய்ந்து, டேஷ்போர்டு ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லை நறநறக்கும். பக்கத்தில் உட்காருபவர் எனக்குப் பயணி அல்ல, வேலையாள். “ராசாத்தி, முட்டியால அந்த டேஷ்போர்டு டிராயர முட்டு. கையால கதவ அமுக்கு. பேசாத, கேக்குது!” என் மனைவி பத்து வருடமாகப் பேச வந்ததில் பாதி அப்படியே நின்றுபோயிற்று.

வைத்தியம்? இடுக்கில் காகிதத்தை மடித்துச் சொருகுவதுதான். ஒன்று நின்றால், அதுவரை அதன் பின்னால் ஒளிந்திருந்த இன்னொன்று வெளியே வரும். விடுவோமா? “அண்ணே, பேசாம பாட்டு போட்டுக்குங்க” என்றான் மெக்கானிக் அறிவரசன். அவனுக்கு என்ன தெரியும்!

போன மாதம் என் மகள் பிரவீணாவைப் பெரம்பலூர்க் காலேஜில் சேர்க்கப் போனோம். எங்கள் வீட்டில் காலேஜ் வாசல் மிதிக்கும் முதல் ஆள் அவள். அன்றுதான் கடைசி நாள். மதியம் ஒரு மணிக்குள் ஒரிஜினல் டிசி கொடுக்காவிட்டால் இடம் போய்விடும்.

வண்டியில் சத்தமே இல்லை! முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து சொருகிய சொருகல் அப்படி. “கெவனிச்சியா? ஒரு சத்தம் வருதா?” என்று ஐந்து தடவை கேட்டேன். அரியலூர் தாண்டியதும் சத்தம் வந்தது. ராசாத்தியிடமிருந்து.

“ஏங்க, ஃபைல்ல டிசி இல்லீங்க! மறந்துடக் கூடாதுன்னு நேத்தே ஃபைல எடுத்து வண்டி சீட்டுலதானே வச்சேன்?”

நேற்று கடைசிச் சத்தம் ஒன்று மெல்லிய காகிதத்துக்கு மசியவே இல்லை. கெட்டிக் காகிதம் வேண்டியிருந்தது. ஏதோ ஒன்று, கைக்கெட்டும் தூரத்தில், சீட்டின் மேல்... நாலாக மடித்து ஸ்குரூ டிரைவரால் குத்தி உள்ளே தள்ளியிருந்தேன். எந்த இடுக்கில்? சொருகியது பதினோரு இடம்.

ஓரங்கட்டிப் பிடுங்க ஆரம்பித்தேன். கல்யாணப் பத்திரிகை, காலண்டர் தாள், சைக்கிள் ட்யூப், அறுந்த செருப்பில் பாதி. பிரவீணா அழவுமில்லை, திட்டவுமில்லை. “அப்பா, மணி பன்னெண்டு ஆயிடுச்சு” என்றாள், அவ்வளவுதான். வெட்கத்தில் செத்தேன். பதினோராவது இடத்தில் டிசி வந்தது, ஓரத்தில் கிரீஸோடு.

திரும்பச் சொருக நேரமேது? பெரம்பலூர் வரைக்கும் கதவு ஒரு மேளம், டேஷ்போர்டு ஒரு மேளம். ராசாத்தியை ‘கதவ அமுக்கு’ என்பேனா நான்? ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆபீசில் நுழைந்தோம்.

கிளார்க் காகிதத்தைப் பிரித்தார். “என்னங்க இது, டிசிய இப்படி நாலா மடிச்சு வச்சிருக்கீங்க?”

நான் வாயைத் திறக்குமுன் பிரவீணா சொன்னாள்: “எங்கப்பா பத்திரமா வச்சிருந்தாரு சார்.”

இடம் கிடைத்துவிட்டது. கிளார்க் ரிஜிஸ்தரில் எழுதத் தொடங்கினார். அவர் மேசை ‘டொக் டொக்’ என்று ஆடியது. எழுதுவதை நிறுத்தினார். முகம் சுளித்தார். அந்தச் சுளிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். பார்க்காமலே கையை நீட்டி, மேலே கிடந்த காகிதத்தை எடுத்துக்கொண்டு மேசைக் காலை நோக்கிக் குனிந்தார். ஏற்கெனவே நாலாக மடிந்த தடம் இருந்ததால் அவருக்கு வேலையும் மிச்சம்.

“அய்யய்யோ, சார்!” என்று பாய்ந்து கையைப் பிடித்தேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டு மேசை இப்போதெல்லாம் ஆடுவதில்லையே, ஏன்? கொஞ்சம் குனிந்து, காலடியில் இருக்கும் காகிதத்தை எடுத்துப் பிரித்துப் பாருங்கள்.